விரவுப்பெயர்

சென்ற திங்களில் ஒருநாள் மாலை, தொல்காப்பியப் பெயரியற் பாடத்தை முடித்து ஏட்டைக் கட்டி வைக்கும் வேளையில், எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள சைவப் பெரியவரொருவர் வந்து, "ஐயா, மீனாட்சியைப்பற்றி ஒன்று கேட்கவேண்டும்" என்றார். யாம் சிறிதும் ஆராயாது, "பேத்திக்கு வயதென்ன?" என்றோம். அவர் தலை கவிழ்ந்தார். "பேத்தியன்று, ஐயா, பேரன். இப்படி எல்லாருங் கேட்பதைத்தான் சொல்லவந்தேன்" என்றார். இயற்பெயர்கள் பால்விரவி வருமாற்றை ஒரு நாழிகைக்கு மேலாக மாணாக்கர்க்கு விரித்துரைத்த வாய் உலருமுன்னரே யாம் இழைத்த பிழை இது. மாணாக்கரும் கேட்டுக்கொண்டிருந்தனர்.

அப்பெரியவர் கூறியது வருமாறு: மகனுக்கு முதலிரண்டு மகவும் தங்காமையின், மதுரை அம்பிகையின் திருமுன் நேர்ந்துகொண்டு, மூன்றாவது பிறக்கும் பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், அவள் பெயரையே இடுவதாக வாக்களித்தனர். பிறந்தது ஆண். வாக்களித்தவாறே பெயரிட்டனர். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் 'பெண்' என்று எழுதிவிட்டனர், உடன்பயில்வோர் நகைக்கின்றனர், பிள்ளை தன் பெயர் சொல்லவே நாணுகின்றான். கற்றாரொருவரை உசாவியபோது, ஆண்மகற்குப் பெண்பாற் பெயர் இடுதல் நூற்கு ஒவ்வாதென்றும், 'சுந்தரம்' என்பதைச் சேர்த்து மாற்றிவிடுக என்றும் அவர் கூறினாராம்.

மாற்றுதலும் மாற்றாமையும் அக்குடும்பத்தார் விருப்பம். ஆனால், 'நூற்கு ஒவ்வாது' என்ற கூற்று எம்மை வருத்தியது. எந்த நூற்கு?

தொல்காப்பியனார் பெயர்ச்சொற்களை உயர்திணைக்குரியன, அஃறிணைக்குரியன, இரண்டற்கும் பொதுவாவன என மூன்றாக வகுத்தார். பொதுவாவனவே விரவுப்பெயர். அவற்றுள் இயற்பெயரைப் பெண்மை, ஆண்மை, பன்மை, ஒருமை என நான்காக்கினார். சாத்தி என்பது பெண்மை இயற்பெயர். ஒரு பெண்ணையுங் குறிக்கும், ஒரு பசுவையுங் குறிக்கும். சாத்தன் என்பது ஆண்மகனையும் எருதையும் அவ்வாறே குறிக்கும். ஒருமை இயற்பெயர்க்கு உரையாளர் காட்டுவது கோதை என்பது. இஃது ஆண் ஒருவனுக்கும் ஆம், பெண் ஒருத்திக்கும் ஆம், அஃறிணை ஒன்றற்கும் ஆம். இத்தகைய பெயர்கள் தம்மளவில் நின்று பால் உணர்த்தமாட்டா. தம்மை முடிக்கும் வினையோடு கூடியவழியே பால் விளங்கும் என்பது ஆசிரியர் கருத்து.

கோதை என்பது உரையாளர் எடுத்துக்காட்டின் பொருட்டுப் படைத்துக்கொண்ட பெயரன்று. சேரவேந்தர் பலர்க்கு அது பெயராயிற்று. கரூர்ப் பகுதியிற் கிடைத்த பழைய வெள்ளிக்காசுகளில் ஆடவன் தலையுருவும் அதனோடு 'மாக்கோதை' என்னும் தமிழெழுத்துப் பொறிப்பும் காணப்படுகின்றன. 'குட்டுவன் கோதை' எனப் பொறித்த காசும் உண்டு. அம்மரபில் வந்து, திருவஞ்சைக்களத்து இறைவனை வழிபட்டு, எல்லா உயிரும் கழறியவற்றை அறிந்தமையாற் கழறிற்றறிவார் எனப்பட்ட சேரமான் பெருமாணாயனார்க்குப் பெருமாக்கோதையார் என்பதே பெயர். பதினோராந் திருமுறையிற் பொன்வண்ணத்தந்தாதி பாடியவர் இவரே. மற்று, வில்லிபுத்தூரிற் பெரியாழ்வார் வளர்த்தெடுத்த மகளுக்கும் கோதை என்பதே பெயர். கோதையாவது மாலை. மாலை யாண்டும் மாலையே. அஃது அரசன் மார்பிற் கிடந்தால் ஆணென்றும், ஆண்டாள் கூந்தலிற் கிடந்தால் பெண்ணென்றும் அதனைப் பிரித்தறிவார் யார்?

இதனினும் வியப்பது பேய் என்னும் பெயர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் பேயார் என்று போற்றியது காரைக்காலம்மையாரை. புனிதவதியார் தாமே விரும்பிப் பேயுருவைப் பெற்றார். இறைவனோ அவரை அம்மையே என்றழைத்தான். வைணவருள் அதே பெயர் தாங்கிய பேயாழ்வார் ஆடவர். ஈண்டு 'ஆர்' என்னும் உயர்வுப்பன்மை சேர்ந்துவிடின் வினையும் உதவாமற் போதலைக் காண்க: பேயார் பாடினார் எனின், பாடினவர் ஆணோ பெண்ணோ என அச்சொற்றொடர் உணர்த்தாது. சங்கப்புலவருட் பெண்பாலார் எத்துணையர் என்பதில் ஆராய்ச்சியாளர் கணக்குகள் மாறுபடுதற்கு இதுவும் ஒரு காரணம். ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் என முதனிலையிலேயே வேறுபாடு தோன்றும் பெயர்களில் இவ்விடர்ப்பாடு இல்லை.

மாணிக்கம், இரத்தினம், தங்கம், பாக்கியம் என நாம் நாடோறும் இருபாலாரையும் விளிக்கும் பெயர்களைப்பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. அவை வடிவால் அஃறிணை. ஆகுபெயராய் மக்கள்மேல் வந்தன.

இனி, எதிர்வழக்காடுவார் ஒன்று கூறுவர்: மீனாட்சி என்பது சாத்தி போலப் பெண்மை இயற்பெயரேயன்றிக் கோதை போல ஒருமை இயற்பெயரன்று, அஃது ஆணுக்குச் செல்லுமாறு யாங்ஙனம்? இவ்வினா நேர்மையானது; இதனை யாம் மறைக்கப்புகோம். சொல்வடிவை மட்டும் நோக்கின் அவர் கூறுவதே சரி. ஆயின், அப்பிள்ளைக்கு இடப்பட்டது பெண் ஒருத்தியின் இயற்பெயரன்று, அம்பிகையின் திருநாமம். தெய்வத்தின் பெயர் அடியவன்மேல் ஆகிவந்தது. அண்ணாமலை வந்தான் என்றவழி மலை வருமோ என வினவுவாரில்லை. பழனி, சிதம்பரம் என்பனவும் அன்ன. பெயர் யாண்டிருந்து வந்ததோ அதன் பாலைத் தாங்காது, யாரிடம் வந்து தங்கியதோ அவர் பாலையே தாங்கும் என்பது உலகவழக்கு. திரிசிராமலையில் ஒரு பெண்ணுக்குத் தாயுருவில் வந்து மகப்பேறு பார்த்த பெருமான் தாயுமானவர். அப்பெயரைத் தாங்கிய துறவியின் பாடலை ஓதாத மடம் தமிழ்நாட்டில் உண்டோ?

இதற்குப் பெரியபுராணத்தினும் சிறந்த சான்று வேண்டா. திங்களூரில் அப்பூதியடிகள், தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசரிடத்து வைத்த பேரன்பினால், தம்மக்கள் இருவர்க்கும் அப்பெயரையே இட்டார், தண்ணீர்ப்பந்தலுக்கும் இட்டார், மனையிலிருந்த அளவைக்கும் நிறைகோலுக்கும் இட்டார், பசுவுக்கும் எருமைக்கும் இட்டார். எருமையொன்று திருநாவுக்கரசு என்னும் பெயரோடு அவர் தொழுவில் நின்றது! சேக்கிழார் பெருமான் இதனைக் குறையாகக் கூறினாரல்லர். அவருடைய அன்பின் திறமாகவே வைத்துப் பாடினார். விரவுப்பெயர்க்கு இலக்கணம் வகுத்தவரும் இத்துணை விரிவை எதிர்நோக்கியிருப்பாரோ என யாம் பாடஞ் சொல்லுந்தோறும் எண்ணுவதுண்டு.

ஈண்டு நம் சித்தாந்தத்தோடு தொடர்புடைய ஒன்று உளது. விரவுப்பெயர்க்குப் பாலைத் தருவது வினை. உயிருக்கு ஆணுடம்பையும் பெண்ணுடம்பையும் கூட்டுவதற்கு ஏதுவாவதும் வினை. முன்னது வினைச்சொல், பின்னது இருவினை. சொல்லொப்புமை ஒன்றே பற்றி இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. எனினும் நிலை ஒப்புமை உண்டு. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தில், ஆண் பெண் அஃறிணை என மூவகையாற் சுட்டப்படும் உலகத்தையே தோன்றி நின்று ஒடுங்குவதாகக் காட்டினார். உயிரோ அச்சுட்டிற்கு உட்பட்டதன்று. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. ஒரு பிறப்பிற் கோதை வந்தான் எனவும், மறுபிறப்பிற் கோதை வந்தாள் எனவும் நிற்றற்குரியதே அதுவும். அதனை ஆணென்றோ பெண்ணென்றோ அறுதியிட்டுப் பேசுவோர் மாயையின் காரியமாகிய உடம்பையே பேசுகின்றனர்.

தெய்வப்பெயர்க்கு ஆசிரியர் கூறியதும் நினைக்கத்தக்கது. கிளவியாக்கத்தின் நான்காஞ் சூத்திரத்தில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருங்கு வைத்து, இரண்டற்கும் தமக்கென ஈறு இல்லை. உயர்திணைக்குரிய பாலீறுகளையே கொள்ளும் என்றார். உலகோர் எள்ளுதற்குரியராகக் கருதுவோரையும் உலகோர் தொழும் தெய்வத்தையும் ஒரே சூத்திரத்தில், ஒரே விதியில் நிறுத்தினமை எம்மனத்தைப் பலகால் தொட்டதுண்டு. அம்மையப்பன் என இரண்டும் ஒன்றாகிய திருப்பெயரை நாவில் உடைய நாம், பெயரின் ஈறு பற்றி ஒரு சிறுவனை நகுவதற்கு எவ்வாறு துணிவோம்? உமாபதி சிவம் என்னும் ஆசாரியர் பெயரிலும் உமை முன்னிற்ப, அஃறிணை வடிவினதாகிய சிவம் பின்னிற்கின்றது.

இவையெல்லாம் கேட்ட பெரியவர், "நூல் கிடக்கட்டும், ஐயா, பிள்ளை அழுகிறானே" என்றார். அதற்கு எம்மிடம் விடை இல்லை. மறுநாட் பேரனை அழைத்துவரச் சொன்னோம். பத்து வயதினன். அவனுக்கு இலக்கணம் ஒன்றுங் கூறாது, அப்பூதியடிகள் வீட்டு எருமையைப்பற்றி மட்டும் சொன்னோம். முதலில் நகைத்தான், பிறகு, "அந்த எருமையைக் கூப்பிட்டால் அவர் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்களா?" என்று கேட்டான். அவ்வினா எமக்கு இந்நாள்காறும் தோன்றியதில்லை. பெயரை மாற்றவேண்டுமா என்று பாட்டனார் கேட்டதற்கு, "பாட்டி நேர்ந்துகொண்ட பேராச்சே" என்று மட்டும் சொல்லி எழுந்து போனான்.

திருத்தவேண்டுவது பதிவேட்டிற் பால் குறித்த இடத்தையே என்று முடிவாயிற்று. விண்ணப்பத்தை யாமே எழுதிக்கொடுத்தோம். 'மீனாட்சி என்னும் இம்மாணவன் தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிற் பயில்கின்றான்' என்று, வினைமுற்றின் ஈறு ஐயமின்றித் தோன்றும்படி தொடங்கினோம்.