வேலை கிடைத்த பிறகும் ஓர் உஸ்தாத் வேண்டும்



நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி கேட்டு வரும் மனுக்களுக்கு அடுத்தபடியாக, சிபாரிசுக் கடிதம் கேட்டுத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். "பையன் பி.காம். முடிச்சிட்டான், எங்கேயாவது சொல்லி விடுங்க" என்பார்கள். சொல்லி விடுகிறோம். சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து விசாரித்தால், "அங்கே சரிப்பட்டு வரலை" என்று பிள்ளை வீட்டில் இருப்பான். தோண்டிக் கேட்டால், பக்கத்தில் இருந்து வேலையைச் சொல்லித்தர ஆளில்லை, யாரிடம் கேட்பது என்று அவனுக்கும் தெரியவில்லை என்பது வெளியே வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அத்தாவிடம் கேட்கவும் வழியில்லை.

மார்க்கக் கல்வியில் நாம் இப்படி விடுவதில்லை. கிதாபை வாங்கிக் கொடுத்து, "நீயே ஆலிமாகிக் கொள்" என்று எந்த மதரஸாவும் சொல்லாது. கூஃபாவில் பட்டு வியாபாரம் செய்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களே, தம் ஆசிரியர் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் ஏறத்தாழ 18 ஆண்டுகள் இருந்து கற்றவர்கள். பிறகு அவர்களிடம் ஓத வந்த அபூ யூசுஃப் (ரஹ்) ஏழை வீட்டுப் பிள்ளை. பிழைப்பைப் பார் என்று தந்தை சொல்ல, பாடத்துக்கு வருவது குறைந்தது. இமாம் அதைக் கவனித்து விசாரித்தார்கள். 100 திர்ஹம் கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் கேளாமலே மறுபடியும் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த மாணவர்தான் பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியானார். அவர் கேட்டதற்கிணங்க 'கிதாபுல் கராஜ்' எழுதினார். பணத்தைவிட, 'ஏன் வரவில்லை?' என்று கவனித்த அந்தக் கண் நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. இன்றைய அலுவலகங்களில் புதிய பிள்ளை தடுமாறும்போது அப்படிக் கவனிப்பவர் எத்தனை பேர்?

கற்பவர் பக்கமும் கடமை உண்டு. சூரத்துல் கஹ்ஃபில் மூஸா (அலை) அவர்கள் ஒரு நபியாக இருந்தும், கற்றுக்கொள்ள அனுமதி கேட்டே கிள்ரு (அலை) அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பொறுமை அங்கே நிபந்தனையாக இருந்தது. அதே வரலாற்றில், பிரியும் முன் மூன்று செயல்களுக்கும் கிள்ரு (அலை) விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். "சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே" என்று கடைசிவரை மிரட்டும் சீனியர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளே, சீனியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். முதலில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். ஜி.எஸ்.டி. கணக்கானாலும், வாடிக்கையாளருக்கு எழுதும் மெயிலானாலும், "இப்படிச் செய்திருக்கிறேன், எங்கே தவறு?" என்று காட்டிக் கேட்டால் பிஸியானவரும் ஐந்து நிமிடம் ஒதுக்குவார். சொன்னதை நோட்டில் எழுதுங்கள். ஒரே கேள்வியோடு மூன்றாம் முறை போனால் யாருக்கும் சலிப்பு வரும். பெற்றோரும், பிள்ளை நன்றாகக் கற்றுவரும் இடத்திலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்பதற்காக அவசரப்பட்டு இழுத்துவிட வேண்டாம். வீட்டுக் கஷ்டம் தாங்க முடியவில்லை என்றால் எங்களிடம் வந்து பேசுங்கள்.

1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையுடன் நிறுவனங்களில் தொழில் பழகலாம். இதைக் கவனிக்கும் தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பழகிய இடத்திலேயே வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் ஓராண்டுப் பழக்கம் இருக்கும்.

நம் ஜமாஅத்தில் வங்கியிலும், மருத்துவமனையிலும், வளைகுடாக் கம்பெனிகளிலும் பல ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒதுக்க முடிந்தவர்கள், ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்ட, பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் நர்ஸுகளும் தேவைப்படுகிறார்கள். அவர்கள் வீட்டார் மூலம் தகவல் சொன்னாலும் போதும், நாங்களே வந்து பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.