தொழிற் பிணக்கும் நடுத்தீர்ப்பும்

இருவர் பிணங்கினால் மூன்றாமவர் ஒருவரை நடுவராகக் கொள்வது நம்மவர்க்குப் புதியதன்று. திருக்குறளில் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே உண்டு. ஆயினும் வேலை கொள்வோருக்கும் வேலை செய்வோருக்கும் இடையே எழும் பிணக்கில் ஒருவர் வலியர்; மற்றவர் எளியர். ஆதலின், நடுவர் யார் என்பதோடு, அவரிடம் செல்ல நாம் எப்பொழுது இசைந்தோம் என்பதும் ஆராயத்தக்கது.

அமெரிக்க நாட்டுப் பங்குத் தரகு நிறுவனங்களில் ஆலோசகராகச் சேர்வோர், முதலிற் பதிவுப் பத்திரம் ஒன்றிற் கையொப்பமிடுவர். பின்னர் எழும் பிணக்கை நடுத்தீர்ப்புக்கே விடுவதாக அதில் வாசகம் உண்டு. 1981இல் வேலையேற்ற கில்மர் என்பவர், 1987இல் தமது 62ஆம் வயதில் விலக்கப்பட்டார். வயது காரணமாகவே விலக்கினர் என்று அவர் நீதிமன்றம் சென்றார். நடுத்தீர்ப்புக்கே செல்லவேண்டும் என 1991இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. பிணக்குத் தோன்றுமுன் இட்ட கையொப்பம் அவரைக் கட்டியது.

இலங்கைச் சட்டம் வேறு வழி வகுத்தது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி, பிணக்கு எழுந்தபின், இரு சாராரின் இசைவுடன் தொழில் ஆணையாளர் அதனை நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். சிறு பிணக்காயின், இசைவின்றியும் அமைச்சர் அனுப்பலாம். 1957இல் செய்த திருத்தத்தால் தொழில் நியாயசபைகள் பிறந்தன. வேலையிழந்தவரோ, அவர் சார்பில் அவரது தொழிற்சங்கமோ அங்கு விண்ணப்பிக்கலாம். சபை, நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றும் கட்டளையைப் பிறப்பிக்கும். வேலை ஒப்பந்தத்தில் மாறாக எது எழுதப்பட்டிருப்பினும் நிவாரணம் வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. இதுவே இச்சட்டத்தின் உயிர்நிலை எனலாம்.

தொழிலாளி என்றதும் கொழுந்துக்கூடை சுமப்பவரை மட்டும் எண்ணுதல் தவறு. தனியார் வங்கியிலும் தரகு நிறுவனத்திலும் மேசையில் அமர்ந்து சம்பளத்துக்கு உழைப்பவரும் இச்சட்டப்படி தொழிலாளியே. அரசாங்க ஊழியருக்கோ இச்சட்டம் பொருந்தாது.

நம் பாட்டன்மார் காலத்தில் பற்றுச்சீட்டுக் கைக்கு வந்தால் வேலையோடு லயத்து அறையும் போயிற்று. ஏன் என்று கேட்க இடமும் இல்லை. இன்று பெல்மதுளைத் தோட்டத்தவருக்கு இரத்தினபுரியிலேயே நியாயசபை உண்டு. எனினும் வேலை நீங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துள் விண்ணப்பித்தல் வேண்டும். சபையின் கட்டளைமீது மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்; அதுவும் சட்டப் பிரச்சினை குறித்து மட்டுமே. ஆகவே சாட்சியும் பத்திரமும் முதல் விசாரணையிலேயே முறையாக முன்வைக்கப்படல் வேண்டும்.

இக்கல்லூரியை விட்டு உத்தியோகம் நாடிச் செல்லும் மாணவர்களே, நியமனக் கடிதத்தை முழுதும் வாசித்தபின் கையொப்பமிடுங்கள். அதன் பிரதியையும் சம்பளச் சீட்டுக்களையும் பேணி வையுங்கள். எழுத்தறியாத நம் பெற்றோர் கைநாட்டு வைத்தனர். வேறு வழி அவர்க்கில்லை. எழுத்தறிந்த நாம் வாசியாது கையொப்பமிடுவோமாயின், கற்றதனால் நாம் பெற்ற பயன் யாது?