மறைந்துவரும் சுருட்டுப் புகையிலை இரகங்கள்: மீட்பும் வரம்பும்

காளிகாட்டிலிருந்து வடக்கே சௌரங்கி சாலை வழியாகச் செல்வோர் வர்ஜீனியா ஹவுஸ் என்னும் கட்டடத்தைக் காணலாம். 1910ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஐ.டி.சி. எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் தலைமையகம் அது. அமெரிக்க இலையொன்றின் பெயர் வங்கத் தலைநகரின் கட்டடத்திற்கு அமைந்ததில் ஒரு பொருளாதார வரலாறு அடங்கியுள்ளது. சிகரெட்டுத் தொழில் வளர வளர, அதற்கு வேண்டிய வர்ஜீனியா இலை ஆந்திரப் பகுதியில் பரவியது. சுருட்டுக்கும் ஹூக்காவுக்கும் பயன்பட்ட உள்நாட்டு இரகங்கள் பின்தள்ளப்பட்டன. இவற்றை மீட்டு, உயர்ரகச் சுருட்டுக்கெனப் பயிரிடலாமா என்னும் வினா இன்று எழுகிறது.

இழந்தவை எவை?

பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் இந்தியப் புகையிலைகளை ஆராய்ந்து, ஒரு சிற்றினத்தில் 51 வகைகளையும் மற்றொன்றில் 20 வகைகளையும் பிரித்துக் காட்டினர். அம்முடிவுகள் 1910இல் வெளியாயின. தென்னாட்டில் திண்டுக்கல், திருச்சிராப்பள்ளிச் சுருட்டுகளுக்கு ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் ஆகிய இரகங்கள் புகழ் தந்தன. வடவங்கத்தில் ‘ஜாதி’, ‘மோதிஹாரி’ என்னும் இரு பிரிவுகள் வழங்கின.

நல்ல சுருட்டுக்கு மூன்று இலைகள் தேவை: உள்ளே நிரப்பும் இலை, அதனைக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை. மூன்றனுள் மேலிலையே அரிது. அது மெல்லியதாகவும், நரம்பு தடிக்காமலும், கிழியாமலும் இருத்தல் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த வடவங்கம் இதற்கு ஏற்றது எனக் கண்டு, ரங்பூர் மாவட்டப் பூரிர்ஹாட் பண்ணையில் சுமத்ரா இரகம் பயிரிடப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. ஆகவே 1952இல் கூச் பிகார் மாவட்டத்துத் தின்ஹாட்டாவில் மேலிலைக்கும் ஹூக்காப் புகையிலைக்கும் தனி ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. சுருட்டுப் புகையிலைக்கென வேடசந்தூர் நிலையம் 1948இலேயே தோன்றிவிட்டது.

மீட்கும் முறை

புகையிலை விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம் விதைகள் இருக்கும். எனவே ஓர் இரகத்தைக் காக்கப் பெரிய கிடங்கு வேண்டியதில்லை. குளிர்ந்த, ஈரமற்ற அறையில் விதை பல ஆண்டுகள் முளைதிறன் குன்றாதிருக்கும். ஆயினும் அவ்வப்போது விதைத்துப் புதுப்பித்தல் இன்றியமையாதது. பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நிகழினும், தேனீக்களால் சிறிதளவு கலப்பும் நேரிடும். அதனால் பூங்கொத்தை உறையிட்டு மூடி விதை எடுக்க வேண்டும்.

விதை கிடைத்துவிட்டால் மட்டும் இரகம் மீண்டுவிடாது. மேலிலைப் பயிருக்கு நிழற்பந்தல் வேண்டும். இலைகளை முதிர்ந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பறித்து, கோலில் கோத்துக் கொட்டகையில் காற்றில் உலர்த்த வேண்டும். பின்னர் அம்பாரமாக அடுக்கி, உள்வெப்பம் மிகும்போது பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். இக்கைத்திறன் தலைமுறையாகக் கற்பது. விதையைக் குளிரறையில் வைக்கலாம். கைத்திறனை அங்ஙனம் வைக்க இயலாது.

விவசாயியின் கணக்கு

1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த புகையிலை வாரியத்தின் ஏல முறை பெரிதும் வர்ஜீனியாவுக்கே உரியது. சுருட்டு இலை பயிரிடுவோர் தனி வணிகரையே நம்பியுள்ளனர். இலை பக்குவமடைய மாதங்கள் பல, சிலபோது ஆண்டுகள் ஆகும். அதுவரை முதலைத் தாங்கும் வலிமை சிறு விவசாயிக்கு இல்லை. உருளைக்கிழங்கோ மக்காச்சோளமோ சில மாதங்களில் பணமாகிறது. விலை உயர்ந்த பொருளாயினும், வாங்குவோர் ஒருவரே எனில் விலையை நிர்ணயிப்பவரும் அவரே. எனவே, வாங்குவோர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, பக்குவக் காலத்திற்கு முன்பணமும் தந்தாலன்றி, இதில் இறங்குமாறு விவசாயிக்கு அறிவுரை கூறுதல் முறையன்று.

அரசின் நிலை

சுருட்டும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்குக் காரணமாகிறது. உயர்ரகம் என்பதால் தீங்கு குறைவதில்லை. பச்சை இலையைக் கையாளும் தொழிலாளரும் நிக்கோட்டினால் நோயுறுகின்றனர். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவன உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. புகையிலையை நம்பி வாழ்வோருக்கு மாற்று வாழ்வாதாரம் காண்பதை அவ்வுடன்படிக்கையின் 17ஆம் விதி வலியுறுத்துகிறது. ஆதலின் சாகுபடிப் பரப்பைப் பெருக்கப் பொதுப்பணத்தைச் செலவிடுவது கொள்கைக்கு முரணாகும்.

ஆனால் விதைப் பாதுகாப்பு வேறு, சாகுபடி விரிவு வேறு. நோயெதிர்ப்புத் தன்மையுள்ள மரபணுக்கள் பழைய இரகங்களில் இருத்தல் கூடும்; 1979-80இல் நீலப்பூஞ்சண நோய் கியூபாவின் புகையிலைப் பயிரைச் சூறையாடியது இங்கு நினைவுகூரத்தக்கது. பயிர் ஆராய்ச்சியாளர் கையில் புகையிலை ஒரு சோதனைச் செடியும் ஆகும். ஓர் இரகம் அழிந்துவிட்டால், அதனை எந்தப் பயனுக்கும் மீண்டும் பெற இயலாது.

ஆகவே விதையைக் காத்தலும், முதியோரிடம் எஞ்சியுள்ள பதப்படுத்தும் அறிவைப் பதிவு செய்தலும் அரசின் கடமை. சந்தையின் இடரைச் சந்தையே ஏற்கட்டும். அந்த இடர் தின்ஹாட்டாவின் சிறு விவசாயி தலையில் விழாமற் பார்ப்பதே திட்டமிடுவோர் முதலில் செய்ய வேண்டிய பணியாகும்.