சிறு வளவில் மணக்கும் ஒரு ரோசா



பிரித்தானியாவில் நம்மவர் வாழும் வீடுகள் பலவற்றின் பின்புறத்தே ஒரு துண்டு நிலம் உண்டு. பாதி சீமெந்து, பாதி புல், ஓரத்தில் ஒரு கொட்டில்; அவ்வளவே. முன்புற நிலமோ பெரும்பாலும் வாகனம் நிறுத்தும் இடமாகிவிட்டது. காலையில் சுவாமிப் படத்துக்கு ஒரு பூ வேண்டுமெனில் அங்காடிக்குச் சென்று, பிளாஸ்ரிக் தாளில் சுற்றிய பூக்களை வாங்கிவருகின்றோம். சுவாமிக்கு வைக்கும் பூவை முகர்தல் ஆகாது என்பர் பெரியோர். இந்தப் பூக்களைப் பொறுத்தவரை அக்கட்டுப்பாட்டைக் காப்பது எளிது. முகர்ந்தாலும் அவற்றில் மணம் ஏதுமில்லை. ஊரில் விடியற்காலையில் பனியோடு பூக்கொய்து பழகிய அம்மம்மாமாருக்கு இது சிறு குறையன்று. பூ என்றால் மணமற்ற ஒரு பொருள் என்றே நம் பிள்ளைகள் எண்ணி வளர்வது அதனினும் பெரிய குறை. மூன்றடி அகலமுள்ள மண் இருந்தால் இந்நிலையை மாற்றிவிடலாம். அதற்கான வழியைக் கூறுவதே இப்பாடம்.

கடைப் பூவுக்கு ஏன் மணமில்லை? இங்கு விற்கப்படும் ரோசாக்களில் பெருந்தொகையானவை கென்யா போன்ற நாடுகளில் வளர்ந்து, விமானமேறி வருபவை. அவ்வளவு தூரம் வந்தும் வாடாதிருக்கவும், காம்பு நேராக நிற்கவும், நிறம் மங்காதிருக்கவும் வேண்டுமென்றே தலைமுறை தலைமுறையாக அவ்வகைகளைத் தெரிந்தெடுத்தனர். மணத்தை எவரும் கேட்கவில்லை; எனவே அது கைநழுவிப் போயிற்று. ரோசாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியோல் என்னும் பொருள் இதழில் உருவாவதற்கு ஒரு குறிப்பிட்ட நொதியம் உதவுகின்றது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். மணமற்ற வகையில் அந்நொதியத்துக்குரிய மரபணு மிகக் குறைவாகவே இயங்கிற்று. ஆகவே, மணமுள்ள பூ வேண்டுவோர் மணமுள்ள இனத்தையே நடவேண்டும். எவ்வளவு பசளை இட்டாலும் மணமில்லா இனம் மணக்காது.

சிறு வளவுக்கு நாம் பரிந்துரைப்பது 'ரோஸ் டி ரெஷ்ட்' என்னும் பழைய வகையை. ஈரானின் வடபால், காஸ்பியன் கடலை அடுத்துள்ள கிலான் மாகாணத்தின் தலைநகராகிய ரஷ்த் என்பதே அப்பெயரில் உள்ளது. நான்சி லிண்ட்சே என்னும் ஆங்கிலப் பெண்மணி, பாரசீகப் பயணத்தில் கண்டெடுத்ததாகக் கூறி 1940களில் இதனை இங்கு பரப்பினார். செடி ஏறத்தாழ மூன்றடி உயரம். அகலமும் அதற்குச் சற்றே குறைவு. அடர்ந்த இலைகளுக்கு இடையே, குட்டையான காம்புகளில், பீற்றூட் சாற்றின் நிறத்தில் சிறு சிறு பூக்கள். ஒவ்வொரு பூவிலும் இதழ்கள் நெருக்கமாக மடிந்து கிடக்கும். யூன் மாதத்தில் நிறையப் பூத்து, பின்னர் இலையுதிர் காலம்வரை விட்டுவிட்டுப் பூக்கும். சாடியில் நிறுத்திக் காட்டுவதற்கு இது ஏற்றதன்று, காம்பு போதாது. கொய்து தட்டில் வைப்பதற்கும் முகர்வதற்கும் உரிய பூ இது.

டமாஸ்க் ரோசாவின் உறவினத்தைச் சேர்ந்தது இச்செடி என்பதால் நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று. டமாஸ்க் இனத்தின் இதழ்களைக் காய்ச்சி வடித்த நீரே பன்னீர். பனிநீர் என்ற சொல்லே பன்னீர் என மருவிற்று. கல்யாண வீட்டு வாயிலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு ஆகியவற்றோடு பன்னீர்ச் செம்பு நிற்பதைப் பிள்ளைகள் இங்கும் கண்டிருப்பீர்கள். ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இதழ்கள் வேண்டும். (திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தரப்படும் பன்னீர் இலை வேறொரு மரத்தினது, அதன் வெண்பூவையும் பன்னீர்ப்பூ என்பர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்.) கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய மலர்களுள் ரோசா இல்லை. அதன் பெயரும் போர்த்துக்கேயர் வழியாக நம் மொழிக்கு வந்தது. முளரி எனச் சிலர் எழுதுவர். ஆயினும் பழந்தமிழில் அச்சொல் பெரும்பாலும் தாமரையையே குறித்தது. ரோசா என்றே வழங்குவதில் குறையொன்றுமில்லை.

இனி நடுகைக்கு வருவோம். நவம்பர் முதல் மார்ச் வரை, மண்ணின்றி வேர் தெரியும்படி விற்கப்படும் கன்றுகள் கிடைக்கும். இலையின்றிக் குச்சி போல் இருப்பதைக் கண்டு பட்டுப்போனதென எண்ணவேண்டாம், அது உறங்குகின்றது. சட்டியில் வளர்ந்த கன்றைவிட இது மலிவு. நாளில் நான்கைந்து மணிநேரமாவது வெயில் படும் இடத்தைத் தெரிவு செய்க. முன்பு வேறொரு ரோசா நின்ற இடம் ஆகாது. அங்கு நட்ட புதுக்கன்று நோயுற்றுத் தேங்கும். வேறு இடமில்லையேல் அக்குழியின் மண்ணை முற்றாக மாற்றவேண்டும். புதிய வீடுகளில் புல்லுக்குக் கீழே கல்லும் உடைந்த செங்கல்லும் கிடப்பதுண்டு. அவற்றை நீக்காமல் நட்டால் மேற்கூறிய எதுவும் பயன்தராது. இலண்டன் பகுதியின் களிமண்ணும் அவ்வாறே. மழைக்காலத்தில் நீர் தேங்கும், கோடையில் வெடிக்கும். குழியின் அடியை நன்கு கிளறி, உக்கிய மாட்டெருவைக் கலந்துவிடுக. உக்காத எரு வேரைச் சுடும்.

வேரை இரண்டு மணிநேரம் வாளி நீரில் ஊறவைத்து, வேர்கள் மடியாத அகலத்தில் குழி வெட்டி நடுக. ஒட்டுக்கன்றாயின், ஒட்டிய முடிச்சு மண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். மண்ணைக் காலால் மெல்ல மிதித்து நீர் ஊற்றுக. நிலம் உறைந்திருக்கும் நாளில் நடவேண்டாம்.

முதற் கோடையே சோதனைக் காலம். நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனையும். வேர் மேலேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, வெப்பம் மிகுந்தால் இருமுறை, ஒரு வாளி நிறைய அடியில் ஊற்றுக. 2022 யூலையில் இங்கிலாந்தின் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியதை மறவாதீர். சட்டியில் வளர்ப்போருக்கு இன்னொரு இடர் உண்டு. பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு மூன்று வாரம் பயணம் போய்த் திரும்பும்போது சட்டியிலுள்ள செடி காய்ந்து நிற்கும். ஆசையாக வளர்த்த பிள்ளைக்கு அது பெருந்துயரம். அதன்பின் செடி நடச் சொன்னாலும் வராது. சட்டிதான் வழியெனில் ஒன்றரையடி அகலமும் ஆழமும் உள்ளதை வாங்கி, அயலவரிடம் சொல்லிச் செல்லுக. இயன்றவரை நிலத்தில் நடுவதே நன்று.

இளந்துளிர்களில் பச்சை நிறச் சிறு பூச்சிகள் மொய்க்கும். இவற்றை அழுக்கணவன் என்பர். மருந்து அடிக்காமல் விரலால் தடவி நீக்குக. கருநிற உடலில் செம்மஞ்சட் புள்ளிகளோடு முதலைக்குட்டி போல் ஊரும் சிறு புழுவைக் கண்டால் கொல்லாதீர். அது பொறிவண்டின் குடம்பி. அழுக்கணவனே அதன் உணவு. இலையில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளானால் அது பூஞ்சண நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுக. நீரை இலைமேல் படாது ஊற்றுக. வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் அடுத்த அரும்பு விரைவில் வரும்.

மலைநாட்டில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதைப் பெற்றோர் சிலர் கண்டிருப்பர். ரோசாவுக்கும் அது வேண்டும். பெப்ரவரி இறுதியில், பட்ட கிளைகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் நீக்கி, ஏனையவற்றை மூன்றிலொரு பங்கு குறைத்திடுக. வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். இரக்கப்பட்டு வெட்டாது விடுவோர் செடிக்கு நன்மை செய்வதில்லை. இந்த ரகம் முதிர முதிர, வெட்டாவிடின் யூனுக்குப் பின் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெட்டிய குச்சியில் மாணவர் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் எளிதில் கழன்றுவிடும். எலுமிச்சை முள் அவ்வாறு கழலாது. அது உருமாறிய கிளை, ரோசா முள்ளோ தோலின் வளர்ச்சி.

பூத்தபின் முதற் பூ சுவாமிக்கு. அடுத்த பூவைக் காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மழை பெய்து ஓய்ந்த பின்னரும் முகர்ந்து, எப்போது மணம் மிகுதியென ஒரு வாரம் குறித்து வருக. மருந்து தெளிக்காத செடியாயின், இரண்டு கைப்பிடி இதழைக் காலையிலேயே கொய்து அம்மாவையோ அப்பாவையோ அடுப்படிக்கு அழையுங்கள். பானையின் நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்து, சுற்றிலும் இதழும் நீரும் இட்டு, மூடியைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் பனிக்கட்டி வைத்து, மெல்லிய தீயில் அரைமணிநேரம் காய்ச்சுக. ஆவி மூடியில் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். ஆறியபின் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துக. சுவாமி அறையில் தெளிக்கப் போதும். கல்யாண மண்டபத்துக்குப் போதாது.