அப்பா ஏன் இன்றைக்குக் கை ஓங்கினார்?

டிஸ்கஷன் அறைக்குப் புதிதாக வரும் உதவி இயக்குநரிடம் முதல் வாரம் யாரும் கதை கேட்பதில்லை. டீ சொல்லச் சொல்வார்கள், ஒன்லைனை நகல் எடுத்து வரச் சொல்வார்கள். பிறகு ஒருநாள், அறையே ஒரு சீனில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, இயக்குநர் மூலையைப் பார்த்துக் கேட்பார்: "நீ சொல்லுப்பா, இந்தப் பையன் எதுக்கு வீட்டை விட்டுப் போறான்?"

"அவங்க அப்பா குடிக்கிறார் சார்" என்றால் கதை முடிந்தது. உங்கள் கதையைச் சொல்கிறேன். அப்பா பத்து வருஷமாகக் குடிக்கிறார். பையன் இன்றைக்கு ஏன் கிளம்பினான்? இதற்குப் பதில் வைத்திருப்பவரைத்தான் அடுத்த நாளும் உட்காரச் சொல்வார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருந்துகொண்டு சினிமாவுக்கோ சீரியலுக்கோ எழுத நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி ஏற்கெனவே இருக்கிறது. பூந்தமல்லி அருகே ரூ.500 கோடியில் நவீனத் திரைப்பட நகரம் வரும் என்று அன்றைய முதல்வர் ஸ்டாலின் 2024 ஜனவரியில் அறிவித்தார். வேலை உங்கள் பக்கம் வருகிறது. கதையும் அங்கேதான் இருக்கிறது. அதைச் சரியாகப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சண்டை சச்சரவுள்ள வீட்டில் வளரும் பிள்ளைகளின் கதைக்குத் தமிழில் எப்போதும் ஆள் உண்டு. 2002-ல் வந்த 'துள்ளுவதோ இளமை'யில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேர் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். கஸ்தூரிராஜா இயக்கம், செல்வராகவன் எழுத்து. என்னைக் கேட்டால், அதில் பெற்றோர்கள் பிள்ளைகள் ஓடுவதற்குக் காரணமாக நிற்கிறார்களே தவிர, ஆட்களாக நிற்கவில்லை. இரண்டே வருஷத்தில் அதே செல்வராகவன் '7ஜி ரெயின்போ காலனி' எடுத்தார். அதில் ஒரு சீனைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உருப்படாதவன் என்று பெயரெடுத்த கதிருக்கு மோட்டார் பைக் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. வந்து சொல்கிறான். அப்பா வாய்க்கு வந்தபடி பேசுகிறார். ராத்திரி, மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, மனைவியிடம் தணிந்த குரலில் அந்த வேலையின் மதிப்பைச் சொல்லிப் பூரித்துப்போகிறார். முகத்துக்கு நேரே பாராட்டினால் கெட்டுப்போவான் என்பது அவர் கணக்கு. கதிர் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டு அழுகிறான்.

அப்பா அங்கே துளியும் மாறவில்லை. அப்பாவைப் பற்றிக் கதிர் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தது மாறிவிட்டது. வளரும் பிள்ளை கதையின் முதுகெலும்பு இதுதான். அதனால் ஒவ்வொரு பெரியவருக்கும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: அவருக்கு உண்மையில் என்ன வேண்டும், பிள்ளை அதை என்னவென்று நினைக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தப் பாத்திரத்தில் உங்களுக்குச் சீன் இல்லை.

தி.ஜானகிராமன் 1966-லேயே இதைச் செய்துவிட்டார். 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரம் மகன் அப்புவை வேத பாடசாலைக்கு அனுப்பி வைக்கிறாள். ஊர் கண்ணுக்கு அது பக்தி. தன் குற்றத்துக்கு மகனின் வேதம் பரிகாரமாகும் என்பது அவள் உள்ளே வைத்திருக்கும் காரணம். அது தெரியவரும் நாளில் அப்புவின் பிள்ளைப் பருவம் முடிந்துபோகிறது.

பிள்ளையின் மோட்டிவை வசனத்தில் சொல்லாதீர்கள். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம். குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்து வர, பள்ளிக்கூடத்தில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு போகிறார். பையன் அதிகம் பேசுவதில்லை. திரும்பி வர பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைக் கிழித்துப் போடுகிறான். இருவரும் வெயிலில் நடக்க வேண்டியதுதான். அந்த ஒரு செயலில் பையனின் கோபம், பயம், பழி எல்லாம் வந்துவிட்டன.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். 'ஏன் இன்றைக்கு' என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்காது, வேலை செய்யும் இடத்தில் ஒரு தேதியாக இருக்கும். ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். திருமுல்லைவாயலில் ஒரு வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் டர்னர். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். மகள் காலேஜ் முடித்து, அதே எஸ்டேட்டில் ஐ.டி. பார்க் ஒன்றில் நைட் ஷிஃப்ட். முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, குறுக்கே வந்த மகள்மேல் கை ஓங்குகிறார்.

சோம்பேறி பதில்: ஆம்பிளைத் திமிர். இருக்கட்டும், ஆனால் அது நேற்றும் இருந்ததே. கொஞ்சம் தோண்டுங்கள். போன வாரம் பட்டறையில் முதலாளி தானாகக் கடையும் சி.என்.சி. மெஷின் இறக்கியிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. தான் வேலைக்குப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று மகள் நினைக்கிறாள். பிறகு ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, ஷிஃப்ட் முடிந்து பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு வருகிறவள், பிளாட்பார பெஞ்சில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்கிறாள். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். அங்கே வசனமே வேண்டாம். அவளை ஆவடி வண்டியில் ஏற்றி அனுப்பலாம், பக்கத்தில் போய் உட்காரவும் வைக்கலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுதான் அவள் வளர்ந்த விதம்.

ஆவடியில் வேறு தேதிகள் கிடைக்கும். 2021 அக்டோபர் 1 அன்று டாங்க் ஃபேக்டரி பாதுகாப்புத் துறையின் நேரடி நிர்வாகத்திலிருந்து புதிய அரசு கம்பெனியின் கீழ் போனது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சர்க்கார் உத்தியோகம் என்று நெஞ்சு நிமிர்த்தி நடந்த ஒருவர் அன்று சாயந்திரம் வீட்டில் எப்படி இருந்திருப்பார்? ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் மாதம் இன்னொன்று. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீடு தங்களுடையதல்ல என்று அன்றுதான் உறைக்கும்.

சீரியலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்பது வழக்கம். மாமியாரின் கோபத்துக்கு எபிசோட் 40-ல் என்ன காரணம் சொன்னோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருங்கள். எபிசோட் 300-ல் எல்லோரும் அந்த நோட்டைத்தான் தேடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆரம்பத்தில் பேட்டாவோடு (தினப்படியோடு) நிற்கும் இடங்களே அதிகம். எழுத்தை நம்பி ஷிஃப்ட் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். அடுத்தது, நரேஷன் சொல்லப் போகும் முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிந்துவிடுங்கள். 2018-ல் 'சர்கார்' படத்தின் கதை விவகாரம் நீதிமன்றம் வரை போனபோது, கதைக்கு உரிமை கோரியவரின் கையில் இருந்தது 2007-ல் சங்கத்தில் பதிந்து வைத்த கதைதான்.