பாடசாலை நூலகராகும் பட்டதாரிக்கு என்ன பயிற்சி வேண்டும்?

கேள்வி: பட்டதாரி ஒருவர் பாடசாலை நூலகராவதற்கு இலங்கையில் என்ன படிக்கலாம்? கண்டிப் பகுதியில் இருப்பவருக்கு வழி உண்டா?

பதில்: பல்கலைக்கழக மட்டத்தில் நூலகவியலைக் கற்பிக்கும் முயற்சி இலங்கையில் கண்டிக்கு அருகிலேயே தொடங்கியது. 1960களின் முற்பகுதியில் பேராதனையில் அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகம் நூலகவியலில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றை நடத்தியது. அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1970களில் களனியில்தான் இத்துறை வேரூன்றியது. பாடசாலை நூலகர்களை முதன்மையாக மனத்தில் வைத்து 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் உருவானது. ஆசிரிய நூலகவியலில் பட்டப்பின் டிப்ளோமாவும் முதுமாணியும் அது வகுத்த பாடநெறிகள். இவற்றைத் தவிர, 1960இல் தொடங்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கம் படிப்படியாக நடத்தும் டிப்ளோமாவும் உண்டு. அதில் சேரப் பட்டம் அவசியமில்லை.

கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். பாடசாலையில் கற்பித்துக்கொண்டே படிக்கும் ஆசிரியருக்கு வகுப்புக்காக இத்தனை தூரம் போய்வருவது பெரும் சுமை. இத்தனைக்கும் பேராதனை வளாகத்தில் கல்வித்துறை இருக்கிறது, தமிழ்த்துறை இருக்கிறது, நாட்டில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுச் சேர்க்கும் நூலகமும் இருக்கிறது. இயன் குணதிலக்க இலங்கை பற்றிய தமது பெரும் நூல்விவரப் பட்டியலைத் தொகுத்ததும் அந்த நூலகத்தில் பணியாற்றிய காலத்தில்தான். கொழும்பில் நடக்கும் பாடநெறிகளின் செய்முறைப் பகுதியையாவது மத்திய மாகாணத்தவர்களுக்குப் பேராதனையில் நடத்துவதே நியாயம்.

கேள்வி: பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் தெரிந்தால் போதாதா? பயிற்சியில் வேறு என்ன இருக்க வேண்டும்?

பதில்: அவை அடித்தளம். ஆனால் கண்டிப் பாடசாலை ஒன்றின் இறாக்கைகளில் அவற்றைப் பயன்படுத்துவது பாடநூலில் படித்தது போல எளிதாக இருப்பதில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நூல்களும் ஒரே அறையில் இருக்கும். டூயி தசமப் பகுப்பின்படி ஆங்கிலப் புனைகதை 823இல் வரும், சிங்கள இலக்கியம் 891.48இல் வரும், தமிழ் இலக்கியம் 894.811இல் வரும். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை எங்கே வைப்பது? நாட்டார் பாடல் என்று கொண்டால் 398.8, தமிழ்க் கவிதை என்று கொண்டால் 894.811. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இந்நூலை அதிகம் தேடி வருபவர்கள் எந்தப் பாடத்துக்காக வருகிறார்கள் என்பதைப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்து, பட்டியலில் மற்றதிலிருந்தும் வழிகாட்ட வேண்டும். பயிற்சி பெறுபவர் இத்தகைய நூல்களைக் கையில் எடுத்து முடிவுசெய்து பழக வேண்டும்.

ஆசிரியர் பெயரும் அப்படித்தான். தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையையோ ஊரையோ குறிப்பதால் 'வேலுப்பிள்ளை, சி.வி.' என்று பதிவது வழக்கம். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் பெயரில் 'தெளிவத்தை' என்பது ஒரு தோட்டத்தின் பெயர். அவரைத் தேடும் பிள்ளை 'தெ'யிலும் பார்க்கும், 'ஜோ'விலும் பார்க்கும். இரண்டு இடத்திலும் அவர் கிடைக்க வேண்டும். கணினிப் பட்டியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பதிவுகளைக் கோஹா போன்ற நூலக மென்பொருளுக்கு அப்படியே மாற்றினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் சில மாதங்களில் கைவரும். நீண்ட காலம் எடுப்பது கற்பித்தலோடு நூலகத்தை இணைக்கும் திறன். பயிற்சியின் பெரும்பகுதி நேரத்தை இதற்கே ஒதுக்க வேண்டும். நூலகங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட பாடசாலை நூலக வழிகாட்டியும் கற்பித்தல் அறிவையும் நூலகத் தொழில் அறிவையும் சேர்த்தே வற்புறுத்துகிறது. தரம் 8 மாணவர்களுக்கு வரலாற்று ஆசிரியர் கண்டி இராச்சியம் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேள்விப்பட்ட நூலகர் 954.93 எண்ணில் உள்ள நூல்களை மேசையில் அடுக்கிவைப்பதோடு நின்றால் மாணவர்கள் முதலில் கிடைத்த பந்தியைப் பார்த்தெழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவரும் ஆசிரியரும் முன்கூட்டியே உட்கார்ந்து கேள்விகளைப் பிரித்து, உள்ளடக்கப் பக்கத்தையும் சுட்டியையும் பயன்படுத்தும் முறையை ஒரு பாடவேளையில் காட்டி, இரண்டு நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தை மாணவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும். இதை விரிவுரையால் கற்பிக்க முடியாது. பட்டப்பின் மாணவர் ஒரு முழுத் தவணையாவது இயங்கும் பாடசாலை நூலகம் ஒன்றில் அனுபவமுள்ள ஆசிரிய நூலகரின் கீழ் வேலை செய்ய வேண்டும். கண்டி நகரின் பெரிய பாடசாலை ஒன்றிலும், தோட்டப்புறப் பாடசாலை ஒன்றிலும் அந்தக் காலத்தைப் பிரித்துக் கழிப்பது மிக நல்லது.

பிள்ளைகளின் இலக்கியத்தைப் பரந்து வாசிப்பதும் பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும். தாம் வாசிக்காத கதையை ஒரு பிள்ளைக்குப் பரிந்துரைக்க எவராலும் முடியாது.

கேள்வி: தோட்டப்புறப் பாடசாலையில் தனி நூலக அறை இல்லை என்றால் இந்தப் பயிற்சியால் பயன் என்ன?

பதில்: அங்கேதான் பயிற்சி பெற்றவர் கூடுதலாகத் தேவைப்படுகிறார். முதலில் இருக்கும் நூல்களைச் சேர்வுப் பதிவேட்டில் வரிசை எண், திகதி, ஆசிரியர், தலைப்பு, விலை, கிடைத்த வழி என்று பதிய வேண்டும். பதிவேடு இல்லாத நூல்கள் அதிபர் மாறும்போது காணாமல் போய்விடும். பிறகு நாற்பது, ஐம்பது நூல்கள் கொண்ட பெட்டிகளாகப் பிரித்து வகுப்புகளுக்குச் சுழற்சியில் அனுப்பலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இணைய வசதியுள்ள ஓரிடத்தில் வேண்டியவற்றைத் தரவிறக்கி, தேவையான பக்கங்களை அச்சிட்டு உசாத்துணைக் கோப்பாக வைக்கலாம்.

மலைநாட்டு ஈரலிப்பு நூல்களுக்குப் பகை. பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டாமல் காற்று புகும் இடைவெளி விட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் நூல்களை வெளியில் எடுத்து, நேர்வெயில் படாத இடத்தில் விரித்துக் காற்றாட விட வேண்டும். பூஞ்சணம் பிடித்த நூலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, காய்ந்த பின் திறந்த வெளியில் மென்தூரிகையால் துடைத்த பிறகே மீண்டும் பெட்டியில் சேர்க்கலாம்.