அலை நிற்கும் கணம்

அன்புள்ள கயல்,

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பக்கத்து ரயில் பாலத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "மாமா, தண்ணி இந்தப் பக்கம் வந்து, நின்னு, திரும்பிப் போகுதுல்ல? அந்த நிக்கிற நேரம் தூணுக்கு ரெஸ்ட்தானே?" பின்னால் லாரி ஹாரன் அடிக்க, பதில் சொல்லாமலே நகர்ந்துவிட்டோம். இப்போது சொல்கிறேன்.

நீர் தூணை இரண்டு விதமாகத் தள்ளும். ஒன்று உனக்குத் தெரிந்தது: வேகத்தால் வரும் இழுவிசை. தூணைச் சுற்றி ஓடும் நீர் பின்பக்கம் சுழல்களை விட்டுப் போகும். முன்னால் அழுத்தம் கூடும், பின்னால் குறையும். வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். நீர் நின்றால் இதுவும் ஓயும்.

மற்றது, வேகம் மாறுவதால் வருவது. ஒரு வாளித் தண்ணீரில் உள்ளங்கையைச் செங்குத்தாக இறக்கிப் பார். மெல்ல நகர்த்தினால் கனமே தெரியாது. வெடுக்கென்று இழுத்தால், கை கிளம்பும்போதே கனக்கும். கையை ஒட்டிய நீரையும் சேர்த்துக் கிளப்புகிறாய் அல்லவா?

கடலில் இது தலைகீழ்: கை போலத் தூண் நிற்கிறது, வாளி ஆடுகிறது. நீரை முடுக்கும் அழுத்த வேறுபாடு குறுக்கே நிற்கும் தூணையும் தள்ளுகிறது. தூணை விலக்கிப் போகும் நீர் இன்னொரு பங்கைச் சேர்க்கிறது. உருளைத் தூணுக்கு ஏட்டுக் கணக்கில் இரண்டும் சம பங்கு. இரண்டும் சேர்ந்ததை நிலைம விசை என்பார்கள். கடலில் எண்ணெய் எடுக்கத் தூண்கள் நடத் தொடங்கிய காலத்தில், 1950-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மோரிசனும் மூன்று தோழர்களும் இழுவிசையையும் நிலைம விசையையும் கூட்டி ஒரு சமன்பாடு எழுதினார்கள். இன்றும் பொறியாளர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள்.

இப்போது ஊஞ்சலை நினை. நடுவில் வேகம் அதிகம். கோடியில் ஒரு கணம் நிற்கும். ஆனால் திரும்பும் இழுப்பு அங்கேதான் மிக அதிகம். அலை நீரும் அப்படித்தான். முகடு தூணைக் கடக்கும்போது வேகம் உச்சம். முகடு வருவதற்கு முன், நீர்மட்டம் ஏறி நடுநிலையைத் தொடும்போது, கிடைவாக்கில் நீர் நின்று திரும்புகிறது. முடுக்கம் அங்கே உச்சம். எட்டு விநாடி அலை என்றால், முகட்டுக்கு இரண்டு விநாடி முன்பே நிலைம விசை உச்சத்தைத் தொட்டுவிடும்.

இரண்டில் எது ஓங்கும்? தூணின் தடிமனைப்போல் எத்தனை மடங்கு தூரம் நீர் போய்வருகிறது என்று பார்க்க வேண்டும். 1958-இல் கூலெகனும் கார்ப்பென்டரும் சோதித்துக் காட்டியது இதைத்தான். நீர் இரண்டு மீட்டர் போய்த் திரும்புவதாக வை. 10 சென்டிமீட்டர் தடித்த உன் காலுக்கு அது 20 மடங்கு, இழுவிசையின் ராஜ்யம். இரண்டு மீட்டர் தடித்த தூணுக்கு ஒரே மடங்கு. சுழல் முழுதாய் வளர்வதற்குள் நீர் திரும்பிவிடும். அங்கே நிலைம விசையே பெரிது.

எப்போதாவது கடலில் முழங்கால் நீரில் நின்றபோது, அலை திரும்பும் கணத்தில் உன் கால் இளைப்பாறியிருக்கும். அதை வைத்துத்தானே கேட்டாய்? கால் சொன்னது பொய்யில்லை. ஆனால் தடித்த தூணுக்கு நெருக்கடியே அந்தக் கணத்தில்தான்.

அன்புடன்,
மாமா